‘எப்பச் சுடலாம்?’ என்று கேட்டு வருகிறவர்கள்

துப்பாக்கிக் கடைக்குத் துப்பாக்கி வாங்க வருகிறவர்களைவிட, யாரை எப்போது சுடலாம் என்று கேட்டுவிட்டுப் போக வருகிறவர்கள்தான் அதிகம்.

மருந்துக் கடைக் கவுண்டரில் நின்று, சீட்டே இல்லாமல் ‘நெஞ்சு எரியுது, என்னமாச்சும் குடு’ என்பவர்களிடம் மாட்டிக்கொண்டவர்களே, ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்து விரல் தேய்ந்தவர்களே, நீங்களெல்லாம் என் இனம். நான் ராமநாதபுரத்தில் என் தாய்மாமனின் துப்பாக்கிக் கடையில் கவுண்டரில் நிற்கிறவள். காலையில் சட்டக் கல்லூரி, கடைசி வருஷம். மத்தியானத்துக்கு மேல் கடை. மாமா பின்கட்டுப் பட்டறையில் ரிப்பேர் பார்ப்பார், முன்னால் நான். வருகிறவர்களில் பாதிப் பேர் பட்டாளத்திலிருந்து திரும்பி பேங்கில் காவலுக்கு நிற்கிறவர்கள். மீதிப் பாதி பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் வைத்திருக்கும் முதுகுளத்தூர், கடலாடிப் பக்கத்து விவசாயிகள்.

நான் வக்கீலுக்குப் படிக்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து கேள்வி கேட்காமல் ஒருவரும் படி இறங்குவதில்லை. பதில் சொன்னால் நம்புவதும் இல்லை. ‘கேட்டாச் சிரி, வாயத் தொறக்காத’ என்பது மாமாவின் கட்டளை. ஆனால் தப்பான சட்டத்தை ஒருவர் என் முகத்துக்கு நேரே பேசிக்கொண்டிருக்க, சிரித்துக்கொண்டு நிற்க என்னால் ஆகாது. அப்படி நிற்காததால்தான் முத்துராக்கு என்கிற ஒருத்தி ஜெயிலுக்குப் போக இருந்த சமயத்தில் நானும் வாயைக் கொடுக்க வேண்டிவந்தது. அதற்கு வருகிறேன்.

முட்டிக்குக் கீழே

பேங்க் காவலர் ஒருவர், மீசை முறுக்கிய பழைய பட்டாளத்துக்காரர், துப்பாக்கிக்கு எண்ணெய் வாங்க வந்தார். வந்தவர் பக்கத்தில் நின்ற இன்னொருவருக்கு வகுப்பெடுக்க ஆரம்பித்தார். “முட்டிக்கு மேல போச்சுன்னா கொலை கேஸு. முட்டிக்குக் கீழ போச்சுன்னா கேஸே கெடையாது. தைரியமாச் சுடலாம்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணே, சட்டம் ஒண்ணும் டெய்லர் இல்ல, முட்டிக்கு மேல கீழன்னு டேப் வச்சு அளக்க” என்றேன். சும்மா ஓடுகிறவன் காலில் சுட்டாலும் குற்றம். அருவாளை ஓங்கி வருகிறவன் நெஞ்சில் பட்டாலும் குற்றமில்லாமல் போகலாம். சட்டம் கேட்பது வேறு. அந்த நேரத்தில் உன் உயிர் போய்விடும், கை கால் போய்விடும், உன்னைக் கெடுத்துவிடுவான், தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று பயப்பட நியாயமான காரணம் இருந்ததா? போலீஸைக் கூப்பிட நேரம் இருந்ததா? தப்பிக்கத் தேவையானதற்கு மேல் ஏதாவது செய்தாயா? இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் எண்ணெய்ப் புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, மீசையை ஒரு தடவை நீவிவிட்டுச் சொன்னார்: “நீ சொல்றதப் பாத்தா, சுடுறதுக்கு முன்னாடி அவன உக்காரவச்சு ஒரு பேட்டி எடுக்கணும் போலயே தாயி.”

ஆடு

ஒரு பெரியவர் ரிப்பேருக்குக் கொடுத்த ஒத்தக்குழல் துப்பாக்கியை வாங்க வந்தார். வந்த கையோடு தோட்டாவும் கேட்டார். முகமெல்லாம் கோபம். கிடையில் இருந்த ஆட்டை இரண்டு பயல்கள் பைக்கில் நடுவில் உட்காரவைத்து, ஏதோ சம்பந்தி வீட்டு ஆளைக் கூட்டிப்போகிற மாதிரி கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். “அடுத்த தடவ வரட்டும். முதுகுலயே போடுறேன்” என்றார்.

முதுகு என்றாலே அவன் போய்க்கொண்டிருக்கிறான் என்றுதானே அர்த்தம் என்று கேட்டேன். ஆடு திருடுகிறவனைத் தடுக்கலாம், மடக்கலாம், பிடித்துக் கட்டிவைத்துப் போலீஸிடம் ஒப்படைக்கலாம். உங்கள் உயிருக்கு ஆபத்தில்லாதபோது ஆட்டுக்காக ஆளைக் கொல்லச் சட்டம் விடாது. திருடன் கத்தியை எடுத்தால், கொள்ளையடிக்க வந்தால், பொழுது சாய்ந்தபின் வீட்டை உடைத்து உள்ளே வந்தால், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தால், அதெல்லாம் வேறு கதை. வெறும் களவுக்கு உயிரை எடுக்க முடியாது.

“அப்ப அவன் பாட்டுக்குப் புடிச்சிட்டுப் போவான், நான் பாத்துக்கிட்டு நிக்கணும்?”

“பாக்காதீங்க, பைக் நம்பரப் பாருங்க.”

“நம்பர் பிளேட்டுல சாணியப் பூசிட்டுல வாரான்!”

இதற்கு என்னிடம் சட்டம் இல்லை. பெரியவருக்கு அப்படியொரு தெம்பு வந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: “சட்டத்த எழுதுனவன் ஆடே வளத்ததில்ல பாப்பா. கறி மட்டும் தின்னுருக்கான்.”

உள்ளே இழுத்துப் போடுவது

சாத்தையா எங்கள் கடையின் பழைய வாடிக்கையாளர். முதுகுளத்தூர் பக்கம் மிளகாய்க் கொல்லை, கொல்லைக்குள்ளேயே வீடு. அவருடைய அய்யா காலத்து ரெட்டைக்குழல் துப்பாக்கி அவர் பெயரில் இருக்கிறது. அவருக்குக் கண் பார்வை மங்கி நாளாகிவிட்டது. ஆனால் அதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். மாமாவும் கேட்க மாட்டார். கடைக்கு வரும்போது துப்பாக்கியைத் தூக்கிவருகிறவள் மருமகள் முத்துராக்கு. மாமா ரிப்பேர் பார்த்து நீட்டினால் அதை மடக்கி, குழலுக்குள் வெளிச்சத்தில் பார்த்து, சரி என்று தலையாட்டுகிறவளும் அவளே. சாத்தையா அந்தப் பக்கம் திரும்பிக் காலண்டரில் இருக்கும் முருகனைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொல்லையில் பன்றி இறங்கினால் சத்தத்துக்கு வெடி போடுவது யார் என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

அந்தச் சாத்தையா ஒருநாள் ரகசியம் சொல்கிற தொனியில் குனிந்து, “வீட்டுக்கு வெளிய சுட்டாத்தான் கேஸு. வெளிய விழுந்தாலும் காலப் புடிச்சு நடைக்கு உள்ள இழுத்துப் போட்டுட்டா, கேஸு நம்ம பக்கம் திரும்பிரும். தெரியுமா?” என்றார்.

தெரியுமாவா? இந்த அரிய சட்டத்தை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்! இதைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் நானே லைசென்ஸ் எடுப்பேன். இழுத்த தடம் மண்ணில் இருக்கும், ரத்தம் வெளியே இருக்கும், மோப்ப நாய் வரும், தடயம் பார்க்கிறவர்கள் வருவார்கள். உண்மையிலேயே உங்கள் உயிருக்குப் பயந்து சுட்டிருந்தாலும், பிணத்தை நகர்த்திய அன்றைக்கே நீங்கள் பொய்யர் ஆகிவிடுவீர்கள். தற்காப்புக்குச் சுட்டேன் என்று சொன்னால் அதைக் காட்டவேண்டிய பொறுப்பு உங்களுடையது. பொய்யில் ஆரம்பித்தவரை எந்த ஜட்ஜ் நம்புவார்? மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். முத்துராக்கு கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாத்தையாவும் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, “அதெல்லாம் சரித்தான் பாப்பா. ஆள் வெயிட்டா இருந்தா ஒத்தையா இழுக்க ஏலுமா, அத மட்டும் சொல்லு” என்றார்.

அவர் டீ குடிக்கப் போன நேரம்

சாத்தையா டீக்கடைக்குப் போனதும் முத்துராக்கு கவுண்டருக்குப் பக்கத்தில் வந்தாள்.

“நீங்க இப்பச் சொன்னீகளே, உசுருக்குப் பயந்தா சுடலாம்னு. அது ஆம்பளைகளுக்கு மட்டுமா, எங்களுக்கும் உண்டா?”

எனக்குத் தலைக்குள் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. கேள்வி அவளுடையது, கோபம் அவள் மேல் இல்லை. இப்படி ஒரு கேள்வியைக் கேட்கவைத்தவர்கள் மேல்.

விஷயத்தைச் சொன்னாள். கணவன் சவூதியில், இவள் கையில் ஒரு சின்ன மகள். பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன், கரிமூட்டம் போடுகிறவன், வேலி ஓரமாக வந்து வந்து பேச்சுக் கொடுத்தான். இவள் நாலு பேர் முன்னால் செருப்பைக் காட்டினாள். அதிலிருந்து ‘ஒன்னைய வெட்டாம விடமாட்டேன்’ என்று சொல்லித் திரிகிறான். போலீஸில் சொன்னாள். கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பினார்கள். கண்டித்த மறுநாளே வேலி ஓரம் வந்து சிரித்தானாம்.

“அக்கா, அந்த உரிமைக்கு ஆம்பளை பொம்பளை கெடையாது” என்றேன். “உங்களக் காப்பாத்திக்கலாம். உங்க மகளையும் காப்பாத்தலாம். உசுரக் காப்பாத்திக்கிற உரிமைக்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனா துப்பாக்கிக்கு வேணும். இது ஒங்க மாமனார் பேர்ல இருக்கு. வீட்டுல மாட்டியிருக்குங்கிறதுக்காக அருவாமனை மாதிரி ஆளாளுக்கு எடுக்க முடியாது. ஒங்க பேர்ல விண்ணப்பம் போடுங்க, நான் எழுதித் தாரேன்.”

அதற்குள் சாத்தையா திரும்பிவிட்டார். காதில் கடைசி வரி விழுந்திருக்கவேண்டும். துப்பாக்கி அப்போது முத்துராக்கின் மடியில்தான் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: “எங்க வீட்டுப் பொம்பள துப்பாக்கியத் தூக்குனா, ஊரு என்னைய வளையல் போட்டுக்கிறச் சொல்லும் பாப்பா.”

தானாக வெடித்த துப்பாக்கி

கல்லூரி லீவு நாள் அது. கடை திறந்ததும் ஒரு ஆட்டோ வந்து நின்றது. சாத்தையா இறங்கினார், பின்னால் முத்துராக்கு. அவள் கண் வீங்கியிருந்தது, கன்னத்தில் ஒரு கீறல். சாத்தையா கையில் வேட்டியில் சுற்றிய நீளமான ஒன்று. கவுண்டரில் வைத்தார். மாமாவுக்குப் பார்த்ததுமே அது என்னவென்று தெரிந்துவிட்டது. யாரும் தொடக்கூடாது என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

முந்தின நாள் வீட்டார் எல்லோரும் கடலாடியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருக்கிறார்கள். மகளுக்குக் காய்ச்சல் என்று முத்துராக்கு போகவில்லை. பொழுது சாய்ந்ததும் அவன் வந்திருக்கிறான், அருவாளோடு. தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு உள்ளே. முதல் வீச்சு கதவு நிலையில் விழுந்தது, சிராய் தெறித்துக் கன்னத்தைக் கீறியது. இரண்டாவது வீச்சுக்கு அவன் கையை ஓங்கியபோது, அதற்குள் சுவரிலிருந்து எடுத்துவிட்ட துப்பாக்கியால் அவள் சுட்டாள். தோளில் ரவை பாய்ந்து விழுந்தவன் எழுந்து ஓடிவிட்டான், விடிகிற நேரத்தில்தான் யாரோ அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கிறான். ஆஸ்பத்திரியிலிருந்து போலீஸுக்குத் தகவல் போயிருக்கும், எந்த நேரமும் வீட்டுக்கு வருவார்கள். அதற்கு முன்னால் இவர்கள் எங்கள் கடைக்கு வந்துவிட்டார்கள்.

ஏன் தெரியுமா? சர்ட்டிபிகேட் வாங்க! “சுடுற குதிர வழுக்குது, ரிப்பேரான துப்பாக்கின்னு எழுதிக் குடுங்க. நான் தொடைக்கும்போது தானா வெடிச்சிருச்சு, அந்தப் பக்கம் போனவன் மேல பட்டுருச்சுன்னு சொல்லிக்கிறேன்” என்றார் சாத்தையா மாமாவிடம். “வீட்டுப் பொம்பளைய ஸ்டேசன்ல நிறுத்துனா எனக்கு மருவாதி இல்ல. கேஸு எம்மேல வரட்டும், நான் உள்ள போறேன்.”

மாமா இளகிவிட்டார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. தியாகம் என்றால் ஆண்களுக்கு உடனே கண் கலங்கிவிடும். எனக்குக் கலங்கவில்லை, கொதித்தது.

“எதுக்கு நீங்க உள்ள போகணும்? போகவேண்டியவன் ஆஸ்பத்திரியில கெடக்கான்” என்றேன். “தானா வெடிச்சதுன்னு சொன்னா அவன் அருவாளோட உள்ள வந்ததை எந்த வாயால சொல்லுவீங்க? அக்கா தப்பே பண்ணல, பயந்து சுட்டா, சட்டம் அவ பக்கம். அந்தப் பயம்தான் அவளோட ஒரே கவசம். அதக் கழட்டிட்டு ஒங்க மருவாதிய மாட்டிவிடப் பாக்குறீக. அப்புறம் அவன் என்ன சொல்லுவான்? ‘நான் சும்மா பேசத்தான் போனேன், கெழவன் பழைய பகையில சுட்டுட்டான்’ம்பான். நடக்காததச் சொன்ன நீங்க மாட்டுவீக, நடந்ததச் சொல்லாத இவளும் மாட்டுவா, எழுதிக் குடுத்த எங்க மாமாவும் மாட்டுவாரு. அவன் மட்டும் வீட்டுக்குப் போவான்.”

“அவ மேல கேஸு வராதுன்னு நீ எழுதித் தாரியா?”

“வரும். லைசென்ஸ் இல்லாம துப்பாக்கியத் தொட்டதுக்குக் கேள்வி வரும். அதுக்குத் தனியா பதில் சொல்லுவோம். அக்கா கொலை பண்ணப் பாத்தாங்கிற பழிய விட அது பெருசா?”

“வெளியில யாருக்குத் தெரியும், நான்தான் வீட்டுல இருந்தேன்னு சொன்னா?”

“காதுகுத்து வீட்டு வீடியோவுக்குத் தெரியும். பந்தியில உக்காந்து பிரியாணி சாப்பிட்டுக்கிட்டு இருப்பீக.”

மாமா என்னை முறைத்தார். அதுவரை சுவரோரம் நின்றிருந்த முத்துராக்கு வேட்டி மூட்டையைக் கவுண்டரிலிருந்து எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு மாமனாரைப் பார்த்தாள்.

“கதவ ஒடச்சு வந்தவன் முன்னாடி நான்தான நின்டேன் மாமா. போலீசு முன்னாடி மட்டும் நீங்க எதுக்கு நிக்கணும்?”

இன்னொரு தோட்டா

தெரிந்த வக்கீல் ஒருவரைப் போனில் பிடித்து நேரே ஸ்டேஷனுக்கு வரச் சொன்னோம். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். ‘யார் சுட்டது?’ என்று இன்ஸ்பெக்டர் கேட்டதும், பழக்க தோஷத்தில் சாத்தையா ஓர் அடி முன்னால் வைத்தார். முத்துராக்கு அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு, “நான்” என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். வேலி, செருப்பு, மிரட்டல், முன்னால் கொடுத்த புகார், தாழ்ப்பாள், உள்ளே காய்ச்சலில் கிடந்த மகள், நிலையில் விழுந்த வெட்டு. அருவாள் இன்னும் வீட்டு நடையில் கிடக்கிறது, யாரும் தொடவில்லை என்றாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை மடக்கிப் பார்த்தார். ஒரு குழலில் வெடித்த தோட்டா, இன்னொன்றில் வெடிக்காத தோட்டா.

“ரெண்டு இருந்துச்சுல்ல. இன்னொண்ண ஏன் சுடல?”

“அவன் அருவாள விட்டுட்டுத் திரும்பிட்டான் சார்.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “உயிருக்குப் பயந்தவளுக்கு அவ்வளவு நிதானம் எங்கிருந்தும்மா வந்துச்சு?”

அவ்வளவுதான், நான் எழுந்துவிட்டேன். இரண்டையும் சுட்டிருந்தால் கொலைகாரி என்பீர்கள், ஒன்றோடு நிறுத்தினால் பயப்படவே இல்லை என்பீர்கள், அப்படியானால் ஒரு பெண் எத்தனை தோட்டாதான் சுடவேண்டும், ஒன்றரையா என்று கேட்டேன். கேட்டேன் என்றால், ஸ்டேஷன் வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கும்படி கேட்டேன். வக்கீல் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். “நீ யாரும்மா?” என்றார் இன்ஸ்பெக்டர். துப்பாக்கிக் கடை என்றதும் இன்னும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

முத்துராக்கு சத்தம் போடவில்லை. கன்னத்துக் கீறலைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டே அவரிடம் சொன்னாள்: “பயந்ததாலதான் சார் சுட்டேன். பயம் போச்சு, நிறுத்திட்டேன்.”

மரியாதை

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போலீஸ் போய்ப் பார்த்தபோது அருவாளும் உடைந்த தாழ்ப்பாளும் நிலையில் இருந்த வெட்டும் அவள் சொன்னபடியே இருந்தன. தோள் ஆறியதும் அவனை உள்ளே தள்ளினார்கள். அவள் சுட்டது தற்காப்புத்தான் என்று விசாரணையில் எழுதினார்கள். துப்பாக்கியை எடுத்ததற்கான வழக்கு தனியாக நடக்கிறது. வாய்தாவுக்கு வருகிறாள், போகிறாள், தலை நிமிர்ந்துதான் போகிறாள். துப்பாக்கி கோர்ட்டில் இருக்கிறது. எல்லோர் கைக்கும் எட்டுகிற மாதிரி மாட்டிவைத்ததற்காகச் சாத்தையாவின் லைசென்ஸும் நின்றுபோயிருக்கிறது.

போன வாரம் வாய்தா முடிந்து மாமனாரும் மருமகளும் கடைக்கு வந்தார்கள். வழக்கு முடியட்டும், அப்புறம் தன் பேரிலேயே லைசென்ஸுக்கு எழுதலாமா என்று அவள் கேட்டாள். எழுதலாம், கிடைக்குமா என்பது வேறு, கேட்காமல் விடக்கூடாது என்றேன். சாத்தையா மறுத்து ஏதாவது சொல்வார், சண்டை போடலாம் என்று தயாராக நின்றேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து மேல்துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

“முன்னெல்லாம் இவளச் ‘சாத்தையா மருமக’ம்பாக. இப்ப என்னைய ‘முத்துராக்கு மாமனாரு’ங்கிறாக பாப்பா. கேவலமாத்தான் இருக்கு. ஆனா களவாணிப்பய ஒருத்தனும் கொல்லப் பக்கம் எட்டிப் பாக்குறதில்ல.”

சக கவுண்டர்வாசிகளே, எப்போது சுடலாம் என்பதற்குச் சட்டத்தில் பதில் எழுதியிருக்கிறது. சுட்டது நான்தான் என்று ஒரு பெண் எப்போது சொல்லலாம் என்பதைத்தான் இன்னும் வீட்டு ஆண்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.